ஆற்றை அளக்கும் கருவி யார் கையில்?

மழை தொடங்கினால் போதும், ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தென்பெண்ணையில் நுரை ஆள் உயரத்துக்குக் குவிகிறது. கோவையில் நொய்யல் தடுப்பணைகளிலும் இதே காட்சிதான். படங்கள் பரவுகின்றன, அதிகாரிகள் வருகிறார்கள், ‘மாதிரி எடுத்திருக்கிறோம், ஆய்வு முடிவு வந்ததும் நடவடிக்கை’ என்கிறார்கள். முடிவு வரும்போது அந்தத் தண்ணீர் பல ஊர்களைக் கடந்து வயலுக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கையடக்கக் கருவிகள் இன்று நம் ஊர்ப் பட்டறைகளிலேயே செய்யக்கூடியவை. அவற்றை யார் கையில் கொடுப்பது, அவை காட்டும் எண்ணுக்கு யார் பதில் சொல்வது என்ற இரண்டு கேள்விகளும்தான் இன்னும் தீராமல் இருக்கின்றன.

மாதம் ஒரு பாட்டில்

நாட்டின் ஆறுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநில வாரியங்களின் துணையோடு கண்காணிக்கிறது. குறிப்பிட்ட இடங்களில், பெரும்பாலும் மாதத்துக்கு ஒருமுறை, தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தண்ணீரில் உள்ள அழுகும் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதே இதில் முக்கியமான அளவு. இதைச் சுருக்கமாக பிஓடி என்பார்கள். மாதிரியை 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருந்த பிறகுதான் அந்த எண் கிடைக்கும்.

இந்த முறைக்கு நிச்சயம் பயன் உண்டு. 2022இல் வாரியம் வெளியிட்ட அறிக்கை 279 ஆறுகளில் 311 பகுதிகள் மாசடைந்தவை என்று பட்டியலிட்டது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் பிஓடி இருந்தால் மாசடைந்த பகுதி என்று கணக்கு. சென்னையின் கூவத்தில் அது 345. நாள்பட்ட நோயை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

நள்ளிரவில் திறந்துவிடப்படும் கழிவை மாதாந்திர பாட்டிலால் பிடிக்க முடியாது. பத்து மணி நேரத்தில் கடந்துபோகும் கழிவுக்கும், மாதத்தில் ஒருநாள் வரும் மாதிரி எடுப்பவருக்கும் சந்திப்பு நிகழ்வது அபூர்வம்.

எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். பாசி படர்ந்த ஆற்றில் பகலில் பாசியே ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் பாசியும் மூச்சுவிடுவதால் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்கு முன்பு மிகத் தாழ்ந்திருக்கும். மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காலை பதினொரு மணிக்கு வந்து அளப்பவருக்கு அந்த ஆறு நலமாகவே தெரியும்.

நொய்யல் தரும் பாடம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. அது நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு சுத்திகரிப்பு ஏற்பாடுகளைச் செய்துகொண்ட பட்டறைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின.

சாயத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்துக்குப் போவது கொங்குப் பகுதி விவசாயிகளுக்குப் பழகிப்போன வழி. ஆனால், பாட்டில் காட்டுவது நிறத்தை மட்டும். பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு ஏராளமாக உப்பைக் கொட்டுகிறார்கள். நிறத்தை வேதிப்பொருள் போட்டு நீக்கிவிடலாம்; உப்பு அப்படியே இருக்கும். தெளிந்த தண்ணீராகத் தோன்றுவது வாய்க்கால் வழியே வந்து மண்ணை இறுக்கும், பயிரைக் கருக்கும், கிணற்றைக் கெடுக்கும். கண்ணுக்குத் தப்பும் அந்த உப்பை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும் கருவி பேனா அளவுதான் இருக்கிறது.

ஒரு பைக்குள் அடங்கும் ஆய்வு

உப்பு அதிகமானால் தண்ணீர் மின்சாரத்தை அதிகமாகக் கடத்தும். மின்கடத்தும் திறனை அளக்கும் பேனாவைத் தண்ணீரில் நனைத்தால் எண் வந்துவிடும். பாசன நீரில் இது 2,250 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் போகக் கூடாது என்கிறது மத்திய வாரியத்தின் வகைப்பாடு. சாதாரணப் பேனாக்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன.

இதையே ‘டிடிஎஸ் மீட்டர்’ என்ற பெயரில் விற்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கருவி அளப்பது மின்கடத்தலைத்தான். அதை ஓர் எண்ணால் பெருக்கி, தண்ணீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு, அதாவது டிடிஎஸ், என்று காட்டுகிறது. ஒரு நிறுவனம் 0.5ஆல் பெருக்கும், இன்னொன்று 0.7ஆல் பெருக்கும். ஒரே தண்ணீருக்கு ஒரு பேனா 1,000 என்றும் இன்னொன்று 1,400 என்றும் காட்டும். இது தெரியாமல் இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் எண்களை ஒப்பிட்டால் சண்டைதான் மிஞ்சும். பதிவேட்டில் மின்கடத்தும் திறனையே எழுதுவது நல்லது.

அடுத்தது, அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச். பிறகு, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். மீன் வளர்ப்புக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் சுத்தமான தண்ணீரே ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் தாங்கும் என்பதால், நம் கோடையில் ஆற்றுக்குக் கையிருப்பு அதிகம் இல்லை. இந்த அளவை ஆற்றங்கரையிலேயே எடுத்தாக வேண்டும். பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோவதற்குள் எண் மாறிவிடும். தரமான ஆக்சிஜன் உணரிதான் இந்தப் பையில் விலை கூடிய பொருள்.

சாக்கடை கலந்திருக்கிறதா என்று பார்க்க அம்மோனியா காட்டும் நிறப்பட்டைகள் உண்டு. மலக்கிருமி பற்றி எச்சரிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பியில் தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும்; கருத்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும். இந்த எளிய சோதனை 1980களில் இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கியது.

நேரமும் இடமும்

2014இல் மத்திய வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களின் கழிவு வெளியேறும் வாயில் தானியங்கிக் கருவி பொருத்த உத்தரவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், திருட்டுத்தனமாகத் திறந்துவிடுபவர் கருவி மாட்டிய குழாய் வழியாகவா திறந்துவிடுவார்? உரிமமே இல்லாத பட்டறையில் கருவிக்கு வேலையே இல்லை.

ஆற்றில் ஓரிடத்தில் நிலையாக நிற்கும் கருவி, கழிவு எந்த நேரத்தில் வந்தது என்று சொல்லும். கையில் எடுத்துப்போகும் கருவி, எந்த இடத்தில் கலக்கிறது என்று சொல்லும். கரையோரமாக நடந்து, ஒவ்வொரு ஓடையும் வாய்க்காலும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் அளந்தால், எண் எங்கே திடீரென்று தாவுகிறதோ அங்கே ஆராய வேண்டும் என்று பொருள். வாரியத்தின் பறக்கும் படை மாவட்டம் முழுக்கத் தேட வேண்டியதில்லை.

மழை நாளில் இந்த எண் இன்னும் நன்றாகப் பேசும். முதல் வெள்ளம் சாக்கடையையும் தெருக் குப்பையையும் அடித்துவருவதால் உப்பளவு சற்றே ஏறலாம். அதன் பிறகு மழைநீர் கலந்து இறங்க வேண்டும். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே எண் பல மணி நேரம் உச்சத்தில் நின்றால், மேலே யாரோ தொட்டியைத் திறந்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

நேர்மையாகத் தொழில் நடத்தும் பட்டறைக்காரர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. சுத்திகரிப்புக்குப் பெரும் செலவு செய்பவர், இரவில் ஓடையில் விட்டுவிட்டு மலிவு விலைக்குச் சாயமிட்டுத் தருபவரோடு போட்டிபோட முடியாமல் தவிக்கிறார். ஊரே தொழிலைப் பழிக்கும்போது இவருக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர்.

செய்வது எளிது, பேணுவது கடினம்

நம் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் நீர்த்தரம் அளக்கும் கருவிகளைச் செய்கிறார்கள். ஒரு சிறு மின்னணுப் பலகை, மூன்று உணரிகள், கைபேசிச் செயலி ஒன்று. குடுவைத் தண்ணீரில் காட்டி மதிப்பெண் வாங்கியதும் கருவி அலமாரிக்குப் போய்விடுகிறது. ஒரு மழைக்காலம் முழுக்க ஆற்றோடு பழகினால்தான் அதன் குறைகள் தெரியும்.

பிஎச் உணரியை எடுத்துக்கொள்வோம். அதன் நுனியில் உள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழ் காயவே கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்தபடி மூடி வைக்க வேண்டும். ‘சுத்தமான தண்ணீர்தானே’ என்று காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் உணரி கெட்டுப்போகும். பிஎச் 4, 7, 10 என்று அளவு தெரிந்த கரைசல்களில் நனைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும். மின்கடத்தலுக்கு 1,413 மைக்ரோசீமன்ஸ் காட்டும் கரைசல் இருக்கிறது. அதில் நனைத்தால் அந்த எண் வர வேண்டும். வராவிட்டால் அன்றைய அளவுகளை நம்பக் கூடாது.

பிஎச் உணரியையும் மின்கடத்தல் உணரியையும் ஒரே குடுவையில் ஒன்றாக நனைத்தால், ஒன்றின் மின்னோட்டம் இன்னொன்றின் அளவைக் குலைக்கும். முதல் முறை கருவி செய்பவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இரண்டின் மின்சுற்றுகளையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும், அல்லது ஒன்றை அணைத்துவிட்டு மற்றொன்றை அளக்க வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மின்கடத்தல் சுமார் 2 விழுக்காடு ஏறும் என்பதால், வெப்பமானி இல்லாத கருவிக்கு மதிப்பில்லை.

ஆற்றங்கரைக்கு ஏற்ற வடிவமும் வேண்டும். சித்திரை வெயிலிலும் திரையில் எண் தெரிய வேண்டும். ஊர் மளிகைக் கடையில் கிடைக்கும் பேட்டரியில் ஓட வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் நேரத்தையும் இடத்தையும் பதிந்துவைத்து, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். உணரி பழுதானால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும். செயலி தமிழில் பேச வேண்டும். மோட்டாரும் பம்ப்செட்டும் செய்து நாடு முழுக்க அனுப்பும் கோவைப் பட்டறைகளுக்கு இது பெரிய வேலை இல்லை. வாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்ற உறுதிதான் இல்லை.

எண்ணின் எல்லை

கருவியின் போதாமைகளையும் மறைக்கக் கூடாது. பிஓடி, கன உலோகங்கள், பூச்சிக்கொல்லி எச்சம் ஆகியவற்றுக்கு ஆய்வகம்தான் வழி. உப்பளவு குறைவாக இருப்பதாலேயே தண்ணீர் நல்லது என்றாகிவிடாது. சாக்கடை நீரில் உப்பு மிதமாக இருக்கும், ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது, கிருமியோ கணக்கில்லாமல் இருக்கும். ஆற்றங்கரையில் எடுத்த எந்த எண்ணையும் வைத்து ‘குடிக்கலாம்’ என்று சொல்லிவிடக் கூடாது.

சட்டமும் இந்த எண்ணை நேரடிச் சான்றாக ஏற்காது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, வாரிய அலுவலர் முன்னறிவிப்புக் கொடுத்து, கழிவுநீர் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையொப்பம் பெற்று ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் அது நீதிமன்றத்தில் நிற்கும். இந்தக் கட்டுப்பாடு தேவையானதுதான். அரைகுறையாகச் சரிபார்த்த ஒரு பேனாவை நம்பி ஒரு பட்டறையின் பெயரைச் சமூக ஊடகத்தில் ஏற்றிவிடுவது அநியாயம்.

ஊர்க்காரர்கள் எடுக்கும் எண் தீர்ப்பு அல்ல, அழைப்பு. ‘இங்கே, இந்த நேரத்தில், ஏதோ நடக்கிறது, உடனே வந்து சட்டப்படி மாதிரி எடுங்கள்’ என்று கூப்பிடும் குரல் அது. கூப்பிட்டால் வர வேண்டும் என்ற கட்டாயம்தான் இன்றைக்கு இல்லை.

வெளியூர் அனுபவங்கள்

வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பது தெரியவந்ததும், 2000ஆம் ஆண்டையொட்டி களச் சோதனைப் பெட்டிகளோடு ஊர் ஊராக ஆட்களை அனுப்பினார்கள். சுமார் 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. அளவு மிஞ்சிய குழாய்க்குச் சிவப்பு, பாதுகாப்பான குழாய்க்குப் பச்சை என்று வண்ணம் பூசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிந்தது. பலர் பச்சைக் குழாய்க்கு மாறினார்கள். பிறகு தோண்டிய புதுக் கிணறுகளில் பல சோதிக்கப்படாமலே போயின. பழைய வண்ணம் மங்கியது. ஒருமுறை அளந்துவிட்டு விடுகிற வேலை இல்லை இது என்பதற்கு அதுவே சாட்சி.

இங்கிலாந்தில் வார்ஃப் ஆற்றங்கரையில் உள்ள இல்க்லி நகரத்து மக்கள், தாங்களே கிருமி அளவுகளைத் திரட்டிக்கொண்டு போராடினார்கள். 2020 டிசம்பரில் அந்தப் பகுதி, அந்நாட்டு ஆறுகளில் முதல் முறையாக அதிகாரபூர்வக் குளியல் துறையாக அறிவிக்கப்பட்டது. அறிவித்த பிறகு அரசு அங்கே முறையாகச் சோதித்தே ஆக வேண்டும். சோதித்தபோது தரம் ‘மோசம்’ என்று வந்தது. மக்களின் எண், அரசை அளக்க வைத்தது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, இருக்கிற ஆட்களைப் பயன்படுத்துவோம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்கள் என்ற கணக்கில், களச் சோதனைப் பெட்டியால் குடிநீரைச் சோதிக்கப் பயிற்சி தரப்படுகிறது. ஆற்றங்கரை ஊராட்சிகளில் இவர்கள் கையில் மின்கடத்தல், பிஎச், ஆக்சிஜன் கருவிகளையும் கொடுக்கலாம். ஓர் அளவுக்கு இவ்வளவு என்று ஊதியமும் கொடுக்க வேண்டும். சேவை என்ற பெயரில் சும்மா வேலை வாங்கக் கூடாது.

இரண்டாவதாக, சரிபார்ப்பு மையங்கள். ஆற்றங்கரை மாவட்டம் ஒவ்வொன்றிலும் ஓர் அரசு பாலிடெக்னிக்கையோ கலைக் கல்லூரியின் வேதியியல் துறையையோ பொறுப்பாக்கி, மாதந்தோறும் கருவிகளைச் சரிபார்த்துச் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டு இல்லாத கருவியின் எண்ணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மூன்றாவதாக, பதில் சொல்லும் கெடு. குறித்த அளவை மீறிய எண் இரண்டு முறை அடுத்தடுத்துப் பதிவானால், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் ஆறு மணி நேரத்துக்குள் மாதிரி எடுக்க வேண்டும் என்று அரசாணை வர வேண்டும். எடுக்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இது இல்லாமல் எத்தனை ஆயிரம் கருவி வாங்கினாலும் வீண்.

நான்காவதாக, பாதுகாப்பு. கழிவு விடுபவர்கள் செல்வாக்கு உள்ளவர்களாக இருக்கலாம். அளவு எடுத்தவரின் பெயர் வெளியே தெரியக் கூடாது; பதிவு ஊராட்சியின் பெயரில் போகட்டும். இரவில் தனியாக யாரையும் ஆற்றுக்கு அனுப்பவும் கூடாது. அந்த வேலைக்குத்தான் பாலத்தடியில் நிலைக்கருவி.

ஐந்தாவதாக, பணம். காவிரியையும் துணையாறுகளையும் தூய்மைப்படுத்த ‘நடந்தாய் வாழி காவிரி’ என்று திட்டம் வைத்திருக்கிறோம். அதிலிருந்து ஒரு சிறு பங்கைக் கருவிக்கும் கரைசலுக்கும் உதிரி உணரிகளுக்கும் ஒதுக்கலாம். வாங்கும் விதிகளில், வடிவமைப்பு வெளிப்படையாக இருக்க வேண்டும், உள்ளூரில் பழுது பார்க்க முடிய வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் மாணவர்களின் கருவிகளும் அலமாரியை விட்டு வெளியே வரும்.

கடைசியாக, எண்கள் மக்களுக்குத் தெரிய வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அன்று ஆற்றங்கரை ஊராட்சிகள் ஓராண்டு அளவுகளையும், அவற்றுக்கு அதிகாரிகள் எடுத்த நடவடிக்கையையும் சபையில் வாசித்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வாசிக்கும்படி கேட்கும் உரிமை சபையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. உங்கள் ஊர் ஆற்றங்கரையில் இருந்தால், அடுத்த கிராம சபையில் அதைக் கேளுங்கள்.